சன்னல் ஓரத்து மண்கூடு: மண்குளவியை முட்டை முதல் சிறகு வரை பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தையில் மண்குளவி கட்டாத வீடு ஒன்றைக் காட்டுங்கள், தே தாரிக் வாங்கித் தருகிறேன். 2007-இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. பேச்சில் இன்னும் பழைய பெயர்தான். ஊரைச் சுற்றிச் செம்பனை. மலேசியாவில் வியாபாரத்துக்கென்று செம்பனையை முதன்முதலில் நட்டது 1917-இல், பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டத்தில். இன்னொரு பக்கம் ஈயம் தோண்டி முடித்துவிட்டுப்போன குட்டைகள். செம்பனைக்கு அடியில் சிலந்தி, குட்டை ஓரத்தில் சேறு, பழைய லயத்து வீடுகளில் மழை படாத சுவர். மண்குளவிக்கு வேறென்ன வேண்டும்?

ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா துடைப்பக்கட்டையோடு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, உங்க சன்னல்ல கொளவி கட்டுது பாருங்க. புள்ளைங்க வெளையாடுற எடம். தட்டி விட்டுரவா?"

"வேணாங்க்கா. இது கொட்டாது."

"கொட்டாத கொளவி எங்க இருக்கு?"

நியாயமான கேள்விதான். அன்றைக்கு அக்காவுக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலையும், அப்புறம் அதே கூட்டை முப்பத்தாறு நாள் பார்த்து எழுதி வைத்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன். உங்களுக்குத் தேவை ஒரு பென்சில், கூட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க ஒரு தாள், ஒரு சின்ன டார்ச், கைத்தொலைபேசி. இவ்வளவுதான். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

முதலில் ஆள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதன் அறிவியல் பெயர் ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம். டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் யோஹான் கிறிஸ்டியன் ஃபப்ரீசியஸ் 1781-இல் இதை விவரித்து எழுதினார். பெயருக்குள் இருப்பது நம் மதராஸ்பட்டணமேதான். மதராஸிலிருந்து மலாயாவுக்கு ரஜூலா கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேரன் என்ற முறையில் எனக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம். ஆனால் பெயர்தான் மதராஸ், ஆள் கப்பலேறி வந்ததில்லை. இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வரைக்கும் அதற்குச் சொந்த ஊர்தான். மலாய்க்காரர்கள் இந்த வகைக் குளவியை 'அங்குட்-அங்குட்' என்பார்கள். வீடு மாற்றும்போது லோரியில் சாமான் 'அங்குட்' பண்ணுகிறோமே, அதே சொல். சுமந்துகொண்டே இருப்பவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருத்தமான பெயர்.

உடல் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். கறுப்பு, அங்கங்கே மஞ்சள் தீற்றல், கால்களில் மஞ்சளும் கறுப்பும். பார்த்தவுடனே பிடிபடும் அடையாளம் இடுப்பு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கம்பி மாதிரி நீண்ட மஞ்சள் காம்பு. பறக்கும்போது கால்கள் கீழே தொங்கும்.

மூன்று பேரோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. பானை வடிவில், வாய்க்கு விளிம்பு வைத்துக் குட்டியாய் மண்சொப்பு செய்வது பானைக்குளவி. அது சிலந்தி பிடிக்காது, கம்பளிப்புழு பிடிக்கும். உட்காரும்போது சிறகை நீளவாக்கில் மடித்துக்கொள்ளும். மண்குளவி மடிக்காது. இரண்டாவது, மயில்கழுத்து நிறத்தில் மின்னும் நீலக்குளவி. இதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

மூன்றாவது கதண்டு, நம் ஊர் வழக்கில் தெபுவான். இங்கே விளையாட்டு வேண்டாம். தடித்த உடம்பு, கறுப்பு வயிற்றின் முன்பாதியில் ஆரஞ்சு மஞ்சள் பட்டை, காகிதம் போன்ற பொருளால் பந்து பந்தாகப் பெருத்த கூடு, வாசலில் எப்போதும் காவல். இதைக் கண்டால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு, பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு அவசர எண் 999-க்கு அழையுங்கள். கதண்டு கூட்டமாய் வாழ்கிறது, கூட்டுக்காகச் சண்டைக்கு வரும். மண்குளவி தனி ஆள். ராணியும் இல்லை, படையும் இல்லை. ஒரு தாய், ஒரு கூடு, எல்லா வேலையும் அவளே. காவலுக்கு நிற்க அவளுக்கு நேரமில்லை. அக்காவின் கேள்விக்கு உண்மையான பதில் இதுதான்: கொடுக்கு உண்டு, கையில் பிடித்து நசுக்கினால் கொட்டும், கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதற்காக வந்து கொட்டாது. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு மாறி வந்தது.

சிலந்தி வேட்டையாடும் குளவி என்றதும் சிலருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். பெரிய எட்டுக்கால் பூச்சியைத் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடக்குமே, அது. அது பாம்பிலிடே என்ற தனிக் குடும்பம். அவர்கள் கணக்கு ஒரு முட்டைக்கு ஒரே ஒரு பெரிய சிலந்தி. மண்குளவியின் கணக்கு வேறு: பொடிப் பொடியாய் நிறைய.

எங்கே, எப்போது தேடுவது

மழைச்சாரல் படாத, வெயில் நேராக அடிக்காத இடம். அவ்வளவுதான் விதி. சிங்குக் கூரையின் சரிவுக்கு அடியில், தமிழ்ப்பள்ளி நடைபாதையில், முனீஸ்வரர் கொட்டகையின் உத்தரத்தில், கடைத்தெரு அஞ்சடியின் (கடை முன்னால் கூரை போட்ட நடைபாதை) மேல்மூலையில், மின்சார மீட்டர் பெட்டிக்குப் பின்னால், நாள்கணக்கில் எடுக்காத தலைக்கவசத்துக்குள். பழைய பலகை வீடு இருந்தால் அங்கே தொடங்குங்கள். பலகை இடுக்கு என்றால் அதற்கு உயிர்.

குளிர்காலம் இல்லாத ஊர் என்பதால் எந்த மாதமும் கூடு கட்டும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மழையில் சேற்றுக்குப் பஞ்சமில்லை, அப்போது தேடுவது எளிது. நேரம் என்றால் காலை ஒன்பதிலிருந்து நண்பகல் வரை. மத்தியானத்துக்கு மேல் இடி இடித்து மேகம் கூடினால் ஆள் காணாமல் போய்விடும்.

பெரியவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்பார்கள். பூந்தேன். சிலந்தி பிள்ளைக்கு மட்டும். செம்பனைத் தோட்டத்துச் சாலை ஓரங்களில் வெளிர் நிறத்தில், காலையில் விரிந்து வெயில் ஏறினதும் சுருங்கும் பூச்செடி வரிசையாய் நட்டிருப்பார்களே, மலாயில் புங்கா புக்குல் லாப்பான், அதாவது எட்டு மணிப் பூ. செம்பனை இலையைத் தின்னும் கூண்டுப்புழுவுக்கு எதிரிகளான பூச்சிகள் தேன் குடிக்க வரட்டும் என்றுதான் தோட்டத்தில் அதை நடுகிறார்கள். அங்கே கொஞ்ச நேரம் நின்றால் பலவகைக் குளவிகளைப் பார்க்கலாம்.

சேறு எடுக்கும் இடத்தைப் பிடியுங்கள்

கூட்டைத் தேடி அலைவதைவிட, சேற்றைத் தேடுவது புத்திசாலித்தனம். லோங்காங் (சாக்கடை) ஓரம், ஒழுகும் குழாயடி, மோட்டார் சைக்கிள் கழுவுகிற இடம். குளவி வந்து இறங்கினால் தலையைத் தரையில் முட்டுவதுபோல் குனியும், பின்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும், சிறகு படபடக்கும். அப்போது ஒரு ரீங்காரம் கேட்கும். சில விநாடிகளில் ஒரு சின்னப் பட்டாணி அளவு உருண்டை தாடையில் சேர்ந்துவிடும். எந்தத் திசையில் பறக்கிறது என்று பாருங்கள், அடுத்த முறை அந்தத் திசையில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். நாலைந்து நடையில் கூடு தெரிந்துவிடும்.

வீட்டருகில் சேறே இல்லையென்றால் ஒரு பழைய தட்டில் களிமண்ணைக் குழைத்து நிழலில் ஈரமாக வையுங்கள். நான் இரண்டு தட்டு வைத்தேன். ஒன்றில் செம்மண், இன்னொன்றில் ஈயக்குட்டைக் கரையிலிருந்து எடுத்த சாம்பல் நிறக் களி. மூன்றாம் நாள் வந்தாள். அவள் கட்டிய இரண்டாம் அறை பாதி சிவப்பு, பாதி சாம்பல், நடுவில் ஒரு வரி மறுபடி சிவப்பு. எந்த உருண்டை எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று சுவரே சொன்னது. இந்தச் சோதனையைப் பிள்ளைகளோடு செய்யுங்கள், கண்டிப்பாகப் பிடிக்கும்.

அறை கட்டுவதைக் கணக்கெடுப்பது

ஓர் அறை என்பது கிட்டத்தட்ட இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள மண்குழாய். ஒவ்வொரு உருண்டையும் ஓர் அரை வளையமாக இழுத்துப் பூசப்படுகிறது. பூசும்போது மறுபடி அந்த ரீங்காரம், இம்முறை இன்னும் மெல்லிய, உச்ச சுருதியில். பறக்கிற சத்தம் அல்ல, நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவிடுகிறாள். அதிர்வு தலைவழியாக ஈரமண்ணில் இறங்கி, மண் இளகி, இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்கிறது. கான்கிரீட் ஊற்றும்போது வைப்ரேட்டர் விடுகிறார்களே, அதே தொழில்நுட்பம். காதை ஓரடி தூரத்தில் வைத்துக் கேளுங்கள்.

தாளில் ஒவ்வொரு நடைக்கும் ஒரு கோடு போடுங்கள். என் கணக்கில் ஓர் அறைக்கு 26 நடை, இன்னொன்றுக்கு 31. சேறு பக்கத்தில் இருந்ததால் காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் முடிந்தது. அறைக்குப் பக்கத்தில் சுவரில் பென்சிலால் எண்ணும் தேதியும் எழுதிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பின்னால் வருத்தப்படுவீர்கள். கடைசியில் அவள் எல்லா அறையையும் சேர்த்து மேலே மண் அப்பிவிடுவாள், எந்த அறை எங்கே என்றே தெரியாது. அதனால் தினமும் சாயங்காலம் ஒரே கோணத்திலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.

வேட்டை

குழாய் தயார், வாய் திறந்திருக்கிறது. இனி மண் இல்லை, சிலந்தி. இந்த மாற்றம் சட்டென்று நடக்கும்: காலையில் சேற்றோடு வந்தவள் மத்தியானம் சிலந்தியோடு வருவாள்.

செம்பருத்தி, கறிவேப்பிலை, வேலியோரப் புதர், செம்பனை அடிமரத்தில் படரும் பெரணி, இதெல்லாம் அவள் சந்தை. இலைக்கு அடியில், கிளைக் கவட்டில், வலை ஓரத்தில் ஓடி ஓடித் தேடுவாள். வட்டவலை பின்னும் சின்னச் சிலந்திகள் ஆபத்து தெரிந்தால் நூலைப் பிடித்துக்கொண்டு கீழே குதிக்கும். குதித்ததைத் தொடர்ந்து இவளும் இறங்குவாள். பிடித்தவுடன் அடிவயிற்றுப் பக்கமிருந்து ஒரு கொட்டு. சிலந்தியின் நரம்புத்திரள் இருக்கும் இடத்துக்கு அருகில். அவ்வளவுதான், கால் எட்டும் அடங்கிவிடும்.

சாகவில்லை என்பதை மனதில் வையுங்கள். ஒருநாள் ஒரு சிலந்தி அவள் பிடியிலிருந்து நழுவிச் சன்னல் கட்டையில் விழுந்தது. அவள் தேடவில்லை, வேறொன்று பிடிக்கப் போய்விட்டாள். நான் அதை ஒரு தேநீர்த் தட்டில் எடுத்து வைத்தேன். மிளகு அளவு வயிறு, பச்சையும் வெள்ளையும் கலந்த நிறம், கால்கள் உள்ளே மடிந்திருந்தன. தூரிகை முனையால் தொட்டால் முன்காலின் நுனி மட்டும் மெதுவாகச் சுருங்கி மறுபடி விரிந்தது. ஒன்பதாம் நாளும் வயிறு வாடவில்லை, வாடை இல்லை, அந்த நுனி இன்னும் அசைந்தது. குளிர்பெட்டி இல்லாமல், இந்த வெக்கையில், ஒரு வாரத்துக்கு மேல் இறைச்சி கெடாமல் இருக்க வேண்டும். இறந்த இறைச்சியால் ஆகாத காரியம். அதற்குத்தான் கொல்லாமல் முடக்குவது. கேட்கக் கொடூரம்தான், எனக்கும் அன்றைக்கு இரவு சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

ஓர் அறைக்கு எத்தனை சிலந்தி என்பது சிலந்தியின் பருமனைப் பொறுத்தது. பெரிதாக ஐந்தாறு, சிறிதாக இருபதுக்கு மேல்கூடப் போகலாம். என் சன்னல் அறை ஒன்றில் பதினொன்று: வட்டவலைச் சிலந்தி எட்டு, குதிக்கும் சிலந்தி மூன்று. தலையால் முட்டி முட்டி அடைப்பாள். ஊறுகாய் ஜாடியில் மாங்காய் அமுக்குகிற மாதிரி.

அன்றைக்குள் நிரம்பவில்லை என்றால், இருட்டுமுன் வாயில் மெல்லிய மண்திரை போட்டுவிட்டுப் போவாள். காலையில் அதை உடைத்துவிட்டு வேலை தொடரும். புதிதாய்ப் பார்ப்பவர்கள் அந்தத் திரையை இறுதி மூடி என்று நினைத்து அந்தத் தேதியை எழுதிவிடுவார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டு எழுதுங்கள்.

உள்ளே நடப்பதைப் பார்க்க

இதுதான் கஷ்டமான கட்டம், சுவாரஸ்யமும் இதில்தான். மண்ணுக்குள் எப்படிப் பார்ப்பது? உடைக்கத் தேவையில்லை, கொஞ்சம் அதிர்ஷ்டம் வேண்டும். பழைய வீடுகளில் நாக்கோ சன்னல் இருக்குமே, பட்டை பட்டையாய்க் கண்ணாடி. எங்கள் வீட்டில் அந்தக் கண்ணாடியின் வெளிப்பக்கம் கட்டினாள். கண்ணாடியே பின்சுவராகிவிட்டதால் அந்தப் பக்கம் மண் பூசவில்லை. வீட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஐந்து அறையின் முதுகும் அப்படியே தெரியும். ஒரு கறுப்பு அட்டையை வெட்டி மேல்விளிம்பில் மட்டும் ஒட்டி, பார்க்கும்போது தூக்கி, பார்த்ததும் இறக்கிவிட்டேன். உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். அந்தச் சன்னலை முப்பத்தாறு நாள் திருப்பவில்லை. வீட்டில் புழுக்கம், வசவு, எல்லாம் கிடைத்தது.

உங்களுக்கு அப்படி அமையவில்லை என்றால், தானாக விழுந்த கூட்டைக் குப்பையில் போடாமல் எடுங்கள். முதுகுப்பக்கம் திறந்திருக்கும். அதைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஓரங்களை ஈரக்களிமண்ணால் அடைத்தால் அதே வசதி.

முட்டை பெரும்பாலும் அறையில் முதலில் வைத்த சிலந்தியின் வயிற்றில் ஒட்டப்பட்டிருக்கும். சேமியாவின் உடைந்த துண்டுபோல் வெள்ளையாய், லேசாய் வளைந்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம். அடியில் இருப்பதுதான் முதலில் பிடித்தது, அதனால் முதலில் கெடக்கூடியதும் அதுதான். பிள்ளை அடியிலிருந்து வாசலை நோக்கித் தின்றுகொண்டே வருகிறது. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது. கடைக்காரர்கள் பழைய பால்டின்னை முன்னால் எடுத்து வைப்பார்கள், அதே யோசனை.

முட்டையிடும்போதே ஆணா பெண்ணா என்பது தாய் கையில். சேமித்து வைத்த விந்தைச் சேர்த்தால் பெண், சேர்க்காமல் இட்டால் ஆண். பெண்பிள்ளைக்கு உடம்பு பெரிது என்பதால் அந்த அறைக்குத் தீனியும் கூடுதல்.

என் குறிப்பிலிருந்து முதல் அறையின் கதை. மூன்றாம் நாள் முட்டை புழுவானது. உருவத்தில் பெரிய மாற்றமில்லை, அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு வாயை மட்டும் சிலந்தி வயிற்றுக்குள் நுழைத்திருந்தது. உறிஞ்ச உறிஞ்சப் புழுவின் உடம்பு வழியாக உள்ளே போவது மங்கலாய்த் தெரிந்தது. ஐந்தாம் நாள் முதல் சிலந்தி வெறும் தோல். ஆறாம் நாளிலிருந்து நிதானம் போய்விட்டது. கால், ஓடு, எல்லாவற்றையும் மென்று தின்றது. எட்டாம் நாள் காலையில் நான்கு சிலந்தி மிச்சம், சாயங்காலம் இரண்டு. பத்தாம் நாள் தீனி தீர்ந்தது. ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொழுத்த மஞ்சள் புழு, சுற்றிலும் சில கால் துண்டுகள்.

இத்தனை தின்றும் அறையில் ஒரு துளிக் கழிவு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? குளவிப்புழுவுக்கு இந்தக் கட்டம் வரை குடலின் பின்வாசல் திறக்காது. தீனி மேல் அசுத்தம் பட்டால் கெட்டுவிடும் அல்லவா. பன்னிரண்டாம் நாள் தன்னைச் சுற்றி வெங்காயச் சருகு நிறத்தில் மெல்லிய கூட்டுறை நெய்து முடித்தது. அதற்கப்புறம் உறையின் ஒரு முனையில் மொத்தக் கழிவையும் கறுப்பு அடைப்பாய் ஒரே தடவையில் இறக்கியது.

பிறகு பல நாள் ஒன்றுமே நடக்காது. இங்கேதான் பலர் விட்டுவிடுவார்கள். தினமும் பார்க்க வேண்டாம், மூன்று நாளுக்கு ஒருமுறை டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். உறைக்குள் நிழலாய்த் தெரியும். புழு இருந்த இடத்தில் வெள்ளைப் பொம்மை போல் ஒன்று, கால்களும் உணர்கொம்பும் மார்போடு ஒட்டி, இடுப்பு அப்போதே மெலிந்து. அதுதான் கூட்டுப்புழுப் பருவம். முதலில் கறுப்பது கண். அப்புறம் நெஞ்சு, கடைசியில் வயிறு. கண் கறுத்துவிட்டால் நாள் நெருங்குகிறது என்று அர்த்தம்.

முப்பத்தாறாம் நாள் காலை பத்தேகாலுக்கு மண்ணில் ஈரம் கசிந்தது. உள்ளேயிருந்து எச்சிலால் நனைத்து, தாடையால் சுரண்டி, ஒரு வட்டம் விழுந்தது. முதலில் முகம், பிறகு ஒரு முன்கால். வெளியே வந்து சன்னல் சட்டத்தில் உட்கார்ந்து உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டே ஏழெட்டு நிமிடம். பறந்துவிட்டது. வெப்பத்தையும் தீனியையும் பொறுத்து நாள் கணக்கு மாறும். நம் ஊர் வெக்கைக்கு ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண் முன்னதாக வெளியேறலாம். என் ஐந்தாம் அறை கடைசியில் மூடப்பட்டது, ஆனால் முதல் அறைக்கு ஒருநாள் முன்பே அதிலிருந்து ஒரு பொடியன் வெளியே வந்துவிட்டான்.

'கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்று நம் பெரியவர்கள் சொல்வதும் இங்கிருந்து வந்ததுதான். குரு சீடனை மாற்றுவதற்கு உவமையாகச் சொல்வார்கள்: வேட்டுவன் குளவி ஏதோ ஒரு புழுவைக் கொண்டுவந்து அடைத்து, கொட்டிக் கொட்டித் தன்னைப்போல ஆக்கிவிடுகிறதாம். சிரிக்க வேண்டாம். பூச்சியைத் தூக்கிப்போவதைப் பார்த்திருக்கிறார்கள், கொட்டுவதைப் பார்த்திருக்கிறார்கள், மூடுவதைப் பார்த்திருக்கிறார்கள், பிறகு உள்ளேயிருந்து குளவி வருவதையும் பார்த்திருக்கிறார்கள். விட்டுப்போனது அந்த மூன்று மில்லிமீட்டர் முட்டை ஒன்றுதான். அவர்களிடம் நாக்கோ சன்னல் இல்லை.

என் பாட்டிக்கு வேறொரு கணக்கு. மண்குளவி கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும், அதனால் கலைக்கக் கூடாது. தோட்டத்து லயத்தில் எங்கள் வரிசையில் பத்துக் கூடாவது இருந்திருக்கும். பிள்ளைகளுக்கும் குறைவில்லை, ஆகவே பாட்டி தோற்றதே கிடையாது.

துளைகளைப் படிப்பது

எல்லா அறையும் பிழைப்பதில்லை. என் ஐந்தில் மூன்றுதான் குளவியானது. நான்காம் அறையில் முட்டை பொரிக்கவே இல்லை, சிலந்திகள் பூஞ்சணம் பிடித்தன. மூன்றாம் அறையில் நடந்தது இன்னும் மோசம்: உறை நெய்து முடித்த புழு நாளாக நாளாகச் சுருங்கியது, பிறகு குண்டூசி முனை அளவு துளை வழியாகக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கூட்டமாய் ஏதோ வெளியேறின. மெலிட்டோபியா என்ற ஒட்டுண்ணிக் குளவிகள். ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு புழுவில் நூற்றுக்கணக்கில் வளரும்.

ஆகவே பழைய கூட்டைப் பார்த்தால் துளையைப் பாருங்கள். பென்சில் நுழைகிற அளவு சுத்தமான வட்டம் என்றால் பெரும்பாலும் சொந்தக்காரர் வெளியேறியது. குண்டூசித் துளை என்றால் மெலிட்டோபியா. கூட்டுக்குப் பக்கத்தில் பச்சையும் நீலமுமாய்ப் பளபளக்கும், தொட்டால் பந்தாய்ச் சுருண்டுகொள்ளும் பூச்சியைப் பார்த்தால் அது ஸ்டில்பம் சயனூரம் என்ற குயில்குளவியாக இருக்கலாம். குயில் காக்கைக் கூட்டில் இடுவதுபோல இது மூடிய மண்ணைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போகும். அழகு மயக்கும், வேலை திருட்டு.

நீலக்குளவியைச் சொல்ல மறந்துவிடப் போகிறேன். சாலிபியான் பெங்காலென்ஸ். இதுவும் சிலந்திதான் பிடிக்கிறது, ஆனால் வீடு கட்டுவதில்லை. மண்குளவி காலி செய்த அறைக்குத் தண்ணீர் கொண்டுவந்து பழைய மண்ணை இளக்கி, அதையே சரிசெய்து குடியேறிவிடும். வாயில் சேறு இல்லாமல் ஒரு குளவி பழைய கூட்டை நனைத்துக்கொண்டிருந்தால் இதுதான்.

வேண்டாத இடத்தில் கட்டிவிட்டால்

எல்லா இடத்திலும் விட்டுவைக்க முடியாதுதான். குழாய், மீட்டர், மோட்டார் புகைக்குழாய், இவற்றில் கட்டினால் உடனே எடுத்துவிட வேண்டும். ஓட்டையைக் கண்டால் அடைக்கிற பழக்கம் இந்த வகைக் குளவிகள் சிலவற்றுக்கு உண்டு. 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிகன் குடியரசில் கிளம்பிய போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகம் அளக்கும் குழாய் அடைபட்டதுதான் பிரச்சினை. அங்கே வாழும் மண்குளவி ஒன்று அதில் கூடு கட்டியிருக்கலாம் என்று விசாரணையில் சந்தேகப்பட்டார்கள்.

முதல் அறை கட்டத் தொடங்கும்போதே எடுத்துவிட்டால் அவளுக்கும் நஷ்டம் குறைவு. சிலந்தி வைத்து மூடிவிட்டாள் என்றால் இப்படிச் செய்யுங்கள். சாயங்காலம், அவள் இல்லாதபோது, பெயிண்ட் சுரண்டும் தகட்டை சுவரோடு படுக்கையாய் வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், மண் கரைந்து உள்ளே இருப்பது மூழ்கிவிடும். திறந்த முதுகை ஒரு அட்டையில் களிமண்ணால் ஒட்டி, சுவரில் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே வாக்கில் ஒரு டின்னுக்குள் நிறுத்துங்கள். வாயில் கொசுவலை கட்டி நிழலில் வையுங்கள், எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாய் புது இடத்தைத் தேடி வரமாட்டாள், அவளுக்குக் கூட்டின் முகவரி சுற்றியுள்ள அடையாளங்கள்தான். ஆனால் மூடிய அறைக்குத் தாய் தேவையும் இல்லை.

பூச்சிமருந்து அடிப்பது வீண் வேலை. மருந்து மண்சுவரைத் தாண்டாது, வீட்டுக்குள் இருக்கும் நமக்குத்தான் மூச்சு முட்டும். தவறிக் கொட்டிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். மூச்சு இழுத்தாலோ, முகமோ உதடோ வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி. எந்தக் குளவி என்ற ஆராய்ச்சி அப்புறம்.

எல்லோரும் பறந்த பின் காலிக் கூட்டைச் சுரண்டுவதும் வேண்டாம். என் சன்னலில் இரண்டாம் அறைக்குள் இப்போது ஒரு குதிக்கும் சிலந்தி பட்டுப்பை நெய்து குடியிருக்கிறது, யார் வீடு என்று தெரியாமல். முதல் அறையின் வாயில் நேற்று நனைந்திருந்தது. அக்கா வந்து பார்த்துவிட்டு, "நீலக் கலர்ல ஒண்ணு வந்துச்சு தம்பி, தண்ணி ஊத்திட்டுப் போச்சு" என்றார். உங்கள் சன்னலிலும் அப்படி வந்தால் ஒட்டிவைத்த தாளைக் கிழித்துவிடாதீர்கள். அடியில் ஒரு கோடு இழுத்து, அறை ஒன்று, நாள் ஒன்று என்று மறுபடி எழுதுங்கள்.